பத்தில் ஒரு பங்கு

ஆபிரிக்காவில், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஒரு நாட்டில் நான் கணித ஆசிரியனாக இருந்தேன். அங்கே சட்டசபைத் தேர்தல் வந்தபோது வாக்கு எண்ண என்னையும் கூப்பிட்டார்கள். சில தொகுதிகளில் வெல்கிறவர் வெள்ளையரிடமும் கறுப்பரிடமும் தனித்தனியே பத்தில் ஒரு பங்கு வாக்காவது வாங்கியிருக்க வேண்டும். இன ஒற்றுமைக்காக லண்டனில் யோசித்துச் செய்த ஏற்பாடு. பல தொகுதிகளில் ஒருவருமே தேறவில்லை. மறுதேர்தல் வைத்தும் ஆசனங்கள் காலியாகவே கிடந்தன.

எழுபதுகளில் ரொறன்ரோவுக்கு வந்த பிறகு இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லித் திரிந்தேன். எங்கள் தமிழர் சங்கத்தில் என்னைத் தவிர்த்து நாற்பது பேர்: இலங்கையர் இருபத்திரண்டு, தமிழ்நாட்டவர் பதினெட்டு. தலைவர் எப்போதும் இலங்கையராகவே வருகிறார் என்று மற்றவர்களுக்குக் குறை. சங்கச் செயலாளர் மதுரைக்காரர். கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"சார், அந்த ரூல் நமக்குக் கரெக்டா இருக்குமே" என்றார்.

அது சரிவராத விதி என்பதுதான் கதை என்று எடுத்துச் சொன்னேன். அவர்கள் விதியையும் எழுதிக்கொண்டு, அனுபவசாலி என்று என்னையே தேர்தல் அதிகாரியாக்கினார்கள்.

இலங்கையர் பக்கம் நின்றவர் ஒரு கணக்காளர். அவருடைய மாமனார் பொங்கலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக இருந்தது. மருமகன் சங்கத் தலைவர் என்று அவருக்குக் கடிதம் முன்கூட்டியே போய்விட்டது.

சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பகுதியில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தள அறையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்கட் தகரங்களில் வாக்குப் போட்டார்கள். மூன்று தரம் எண்ணினேன். கணக்காளருக்கு இலங்கைத் தகரத்தில் இருபத்திரண்டும் விழுந்திருந்தன. தமிழ்நாட்டுத் தகரத்தில் ஒன்று. தமிழ்நாட்டவர் பக்கம் நின்ற எதிராளிக்கு அதில் மிச்சப் பதினேழு. இலங்கைத் தகரத்தில் ஒன்றுமில்லை. பதினெட்டில் பத்தில் ஒரு பங்கு ஒன்று தசம் எட்டு. இரண்டு பேருமே தேறவில்லை.

கணக்காளர் என்னைச் சுவரோரம் கூட்டிப்போனார்.

"மாஸ்ரர், ஒண்டு தசம் எட்டுப் பேர் எங்கையும் வாக்குப் போடேலாது. உதை ஒண்டாக்கி விடுங்கோ."

"ஆக்கினால் இரண்டாகத்தான் ஆக்கலாம், தம்பி."

"மாமா வாறார், மாஸ்ரர்."

மறுதேர்தல் வைத்தோம். அதற்கு முன் அவர் தமிழ்நாட்டவர் வீடு ஒன்று விடாமல் போய்க் கோப்பி குடித்தார். எண்ணிப் பார்த்தால், முதலில் விழுந்த அந்த ஒன்றும் இந்தத் தடவை இல்லை.

தலைவர் இல்லாவிட்டால் தேர்தல் அதிகாரியே பொறுப்பு என்று சங்க யாப்பு விதிகளில் இருந்ததாம். பொங்கல் விழாவுக்குத் தேவாலய மண்டபத்தை நான்தான் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். மேடையில் தலைவர் நாற்காலியில் என்னை இருத்தி, மாலையும் போட்டார்கள். மாமனார் முன் வரிசையில் கோட்டோடு இருந்தார், பக்கத்தில் மருமகன்.

விழா முடிந்ததும் மாமனார் என்னிடம் கேட்டார்: "மாஸ்ரர், உங்களுக்கு எத்தினை வாக்கு?"

"ஒண்டும் இல்லை, ஐயா."

"இவருக்கு?"

"இருபத்திரண்டு."

அவர் என் மாலையைப் பார்த்தார்.

"அப்ப இவர் ஏன் கீழை இருந்தவர்?"

நான் ஆபிரிக்காவிலிருந்து தொடங்கினேன். லண்டனுக்கு வருவதற்குள் மருமகன் எழுந்து சர்க்கரைப் பொங்கல் எடுக்கப் போய்விட்டார்.