அம்மன் கிரீடமும் அம்மாவின் கத்தரியும்

கத்தரித்தல் என்ற சொல்லுக்கு அகராதியில் வெட்டி நீக்குதல் என்று போட்டிருக்கிறார்கள். வடமொழியின் ‘கர்த்தரி’தான் தமிழில் கத்தரியாயிற்று என்பார்கள் படித்தவர்கள். இருக்கட்டும். எனக்கு அதன் அர்த்தம் தெரிந்தது சிவகாசியில், எங்கள் அத்தாவின் லேபிள் வெட்டும் பட்டறையில்.

தீபாவளி சீசன். செல்போன் வந்த புதுசு. பட்டாசுக் கம்பெனிக்காரர் விடாமல் கூப்பிட்டு லேபிளைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்கால லோடில் ஏறாவிட்டால் அடுத்த சீசனுக்கு எங்கள் வாசலை மிதிக்க மாட்டாராம். அந்த நேரம் பார்த்து வெட்டுமெஷின் ஓட்டும் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். லேபிளில் அம்மன் படம் சாய்ந்து அச்சாகியிருந்தது. நேராக இறங்கும் கத்தி கிரீடத்தை அறுத்துவிடும். அண்ணனோ இருக்கன்குடி அம்மனுக்கு விரதமிருந்து காப்புக் கட்டியவர்.

“என்ன வேணாலும் சொல்லுங்க மொதலாளி. ஆத்தா தலையில கத்திய எறக்க மாட்டேன்.”

அத்தாவின் முகம் சுண்டிவிட்டது. வேறு ஆளை வைத்து வெட்டியிருக்கலாம். அவருக்கும் மனசு வரவில்லை.

டீ கொண்டுவந்த அம்மா ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தார். “மெஷின்ல வெட்டுனாத்தானேப்பா தலையில விளும்? கத்தரிச்சு எடுத்துருவோம். கத்தரி நம்ம சொன்ன பக்கம் போகும்ல?”

ஐந்து வேளை தொழுகிற என் அம்மா, தெருவிலிருந்த கத்தரிகளையெல்லாம் வாங்கிவந்து உட்கார்ந்தார். பட்டறையே சுற்றி உட்கார்ந்தது. அம்மாவின் கத்தரி இருந்த இடத்திலேயே இருக்கும், தாள்தான் திரும்பும். கிரீடத்தில் ஒரு மணிகூடக் குறையவில்லை. அம்மா மாதிரி கத்தரிக்க இன்றுவரை நான் யாரையும் பார்த்ததில்லை. விரல் கொப்பளித்ததை லோடு ஏறிய பிறகுதான் காட்டினார்.

கோயிலுக்குப் போய்வந்த அண்ணன், பட்டறையில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். எங்களுக்கு மட்டும் ஒரு பையில் தேங்காயும் வாழைப்பழமும்.

“சாமிக்குப் படைக்க முந்தியே தனியா எடுத்து வச்சது, அக்கா. நீங்க சாப்பிடலாம்.”

அம்மா பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கோ ஆத்திரமான ஆத்திரம். ஊருக்கெல்லாம் பொங்கல், நமக்கு மட்டும் வெறும் தேங்காயா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். படைத்ததை எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை என்பதே எனக்கு அப்போது தெரியாது. கையில் கத்தரி இல்லாமலே அண்ணனும் எங்களுக்காகக் கத்தரித்து எடுத்திருந்தார் என்பது எங்கே தெரியப்போகிறது.