தலைச்சோலையில் சூரியப் புயல் அடித்த நாள்

காலை ஆறு மணி பஸ்ஸில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், மடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி. சூரியன் தன் பதினொரு வருடச் சுற்றின் கொந்தளிப்பான கட்டத்தில் இருக்கிறது. தூசியில்லாத மலையிலிருந்து அதன் கரும்புள்ளிகளைப் பார்க்க வேண்டும் என்பது, தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியையான எனக்கு வந்த ஆர்வக்கோளாறு.

“எல்லாரும் போட்டிங் போக வருவாங்க. சூரியன் உங்க தஞ்சாவூர்ல இல்லீங்களா?” என்றார், நான் வந்த காரணத்தைக் கேட்ட கண்டக்டர். நியாயமான கேள்விதான்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் சந்திப்பில் இறங்கினேன்; டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து தலைச்சோலை கிராமத்துக்கு ஆட்டோ நானூறு. பொன்னன் என்ற காப்பி விவசாயியின் வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

பத்து மணிக்குச் சூரியனின் உருவத்தை வெள்ளை அட்டையில் விழவைத்தேன். நடுவே புள்ளிக் கூட்டம் ஒன்று மிகப் பெரிதாக இருந்தது.

“ஏனுங்க டீச்சர், கண்ணாடியில அழுக்குங்களா?” என்று பொன்னன் குனிந்து பார்த்தார்.

“இல்லைங்க, சூரியன் மேலதான் இருக்கு. இதுக்குள்ள பூமியையே போட்டுடலாம். இந்த இடத்துலேருந்துதான் சீறும்.”

சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. செவ்வாயில் ஒரு காலத்தில் அடர்த்தியான காற்று இருந்ததையும், சூரியக் காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போனதையும் சொன்னேன். சின்னச் சிவப்பு விண்மீன்களை ஒட்டிச் சுற்றும் கோள்களின் பாடு இன்னும் மோசம், அந்த விண்மீன்களின் சீற்றத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. நமக்குப் பூமியின் காந்தம் காவல் நிற்கிறது என்றேன்.

“காவல் இருந்தாச் சரிங்க” என்றார். அவர் மனம் வேறெங்கோ இருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது விஷயம் தெரிந்தது. தோட்டத்தைத் தம்பி சடையனும் அவரும் முன்பே பாகம் பிரித்துவிட்டார்கள். தம்பி தன் பாகத்தைக் மலைக்குக் கீழே சமவெளியைச் சேர்ந்த ஆள் ஒருவருக்கு ரிசார்ட் கட்ட விற்கிறார். மறுநாள் மதியம் வேலி போடுகிறார்கள். எல்லைக் கல் மழையில் சரிந்துபோய்விட்டது. எல்லையை ஒட்டித்தான் பொன்னனின் மனைவி மல்லிகாவை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

“அவ என் பக்கந்தானுங்க இருக்கோணும். வேலிக்கு அந்தாண்ட போயிட்டா, வெளக்கு வெக்கக்கூட அவனுங்களக் கேட்டுத்தான் போகோணும்.”

மூன்று மணிக்கு சர்வேயர் தேவி வந்தார். கம்பத்தின் உச்சியில் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்தி அளந்தார். முதல் தடவை எல்லை சமாதிக்குப் பொன்னன் வீட்டுப் பக்கமாக விழுந்தது. அடுத்த தடவை நாலடி தள்ளி விழுந்தது. மூன்றாவது தடவை வேறெங்கோ. ஆனால் மூன்றிலும் மல்லிகா தம்பியின் பாகத்தில்தான் இருந்தாள். பொன்னனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சடையன் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தரையைப் பார்த்தபடி நின்றார். அண்ணனும் தம்பியும் பேசி ஒரு வருடம் ஆகிறதாம்.

“சிக்னல் நிக்கவே மாட்டேங்குதுங்க” என்றார் தேவி.

போனில் சூரியப் புயல் எச்சரிக்கை வந்திருந்தது. இரண்டு நாளுக்கு முன் அந்தப் புள்ளிக் கூட்டம் கக்கிய துகள் மேகம் இன்று வந்து சேர்ந்திருந்தது. மேல் வானத்தை அது கலக்கினால் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறும். “இந்த அளவை நம்பாதீங்க. காலைல அடங்கிடும், அப்ப அளக்கலாம்” என்று வாயைக் கொடுத்தேன்.

“அப்ப மாறுமுங்களா?” என்று கேட்டார் பொன்னன்.

மாறலாம் என்றேன். மாறும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்குக் களி இரண்டு மடங்கு வைத்தார்.

மறுநாள் காலை ஏழு மணி. கருவி மூன்று தடவையும் ஒரே இடத்தைக் காட்டியது. முந்தைய நாளைவிட மோசம். சமாதி முழுதாக, ஆறடி தாண்டி, தம்பியின் நிலத்தில் கிடந்தது. அந்த மனிதருக்கு வீணாக ஆசை காட்டிவிட்டேனே என்று நொந்துபோனேன். பொன்னன் சமாதியின் மேல் கிடந்த சருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தேவி எல்லைக்கு நட்ட கம்பியைச் சடையன் வந்து பிடுங்கினார். சமாதியைச் சுற்றிக்கொண்டு நடந்து, அதைத் தாண்டித் தன் நிலத்துக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி ஊன்றினார்.

“இங்க அடிங்க.”

“மெசின் அங்கதானுங்க காட்டுது” என்றார் தேவி.

“மெசின் சரியாத்தான் காட்டுது. விக்கறது நான். இது வரைக்குந்தான் விக்கறேன். வாங்கறவர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

கம்பியை நேராகப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பொன்னன் எழுந்துபோய்ப் பிடித்தார். தம்பி சுத்தியலால் அடித்தார்.

“காலைல ஏதாச்சும் சாப்பிட்டியாடா?” என்றார் பொன்னன், நிமிராமலே.

“இல்லீங்ணா.”

பதினொரு மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். தஞ்சாவூரில் எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. சமதரை, எல்லாம் ஓர் அங்குலமும் பிசகாமல் அளந்த மனைகள். ஒரு சாக்கடை மூடிக்காக இரண்டு வீட்டார் எட்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பழியைச் சூரியன் மேல் போட முடியாது.