அவருக்குச் சூடு பிளக், எனக்கு மாலை

என் தாய்மாமன் ஒரு மோசக்காரர். விழுப்புரத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறார். இந்தப் பத்திரிகை அவர் கடை மேஜைமேல் எப்போதும் கிடக்கும். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு முந்திய ஒரு சித்திரை மாதம். திண்டிவனம் ஏரி சுத்தமாக வற்றிக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்த நாங்கள் சிலர், ஏரிக்குள்ளேயே பந்தயம் விடுவது என்று முடிவு செய்தோம். ஜெயிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர், கண்டாச்சிபுரம் பக்கத்து ஊர்களில் கிணற்று ஆயில் என்ஜின்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவர். வண்டி பழசு. ஆனால் ஓட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். அது எனக்கே தெரியும்.

பந்தயத்துக்கு முதல் நாள் நான் மாமா கடையில் இருந்தபோது அந்த என்ஜின்காரர் வந்தார்.

"ஏரி மண்ணுல முழு வேகத்துல அடிக்கணும் மொதலாளி. எந்த பிளக்கு தாங்கும்?"

ஆயில் என்ஜினில் தீப்பொறி தட்டும் பிளக்கே கிடையாது. பழக்கமில்லாத விஷயம் என்பதால் நம்பிக் கேட்டார்.

"சூடு பிளக்கு போட்டுக்க. சூடா இருந்தாத்தான் ஜல்தியா இழுக்கும்" என்று மாமா எடுத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு மாமா என் வண்டிக்கு வேறொரு டப்பாவிலிருந்து எடுத்தார். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவரவர் வண்டிக்கு ஏற்றதைத் தருகிறார் என்று நினைத்தேன்.

பந்தயத்தில் பாதி தூரம்வரை அவர் கிளப்பிய புழுதியைத்தான் தின்றேன். திடீரென்று அவர் வண்டி படபடவென்று அடித்துக்கொண்டு நின்றுபோயிற்று. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தலை உருகி, விரல் நுழைகிற ஓட்டை. நான் தாண்டிப் போய் ஜெயித்தேன். மாமா கூட்டத்தின் நடுவில் எனக்கு மாலை போட்டார். அப்போது எடுத்த படம் இன்றும் கடையில் மாட்டியிருக்கிறது.

"சொந்த வண்டிக்கு பிளக்கு போடத் தெரியல. இவன் நம்ம என்ஜின இன்னாத்த பாக்கறது?" என்று விவசாயிகள் பேச ஆரம்பித்தார்கள். மெல்ல அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். யுத்தம் வந்ததும் பிஸ்டனும் கிடைக்கவில்லை. வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. அவர் மல்லாட்டைக் கடலை மண்டியில் மூட்டை தூக்கப் போனார்.

போன தை மாதம் மாமா வீட்டில் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பழைய பந்தயத்தைப் பற்றிக் கேட்டார். மாமா குஷியாகிவிட்டார்.

"ஒடம்பு கொதிக்கறவனுக்கு எளநி குடுப்பாங்களா, மொளகு கஷாயம் குடுப்பாங்களா? பந்தய வண்டி கொதிக்கிற ஒடம்பு. அதுக்கு குளுரு பிளக்குதான் போடணும். எளநிய இவனுக்குக் குடுத்தேன், கஷாயத்த அவனுக்குக் குடுத்து அனுப்பினேன். நம்ம மருமவன் ஜெயிக்க வேணாமா?"

பந்தியே சிரித்தது. நான் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மண்டிக்குப் போய் அவரிடம் சொன்னேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். இத்தனை வருஷமும் தான்தான் ஏதோ தப்பாக மாட்டிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? மால ஊருக்கு நடுவுலதான போட்டுக்கினே? இதையும் ஊருக்கு நடுவுல சொல்லு."

மறுபடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சொல்லிவிட்டேன். தெரியாமல் வாங்கிய மாலைதான். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் கழுத்து கூசுகிறது. ஒரு மனுஷனின் பெயரைக் கெடுத்துத் தொடுத்த மாலை அது.

மாமா, முதலில் அந்தப் படத்தைக் கழற்றுங்கள். பிறகு கண்டாச்சிபுரம் சந்தைக்குப் போய், அவரைக் கூப்பிடாமல் விட்ட விவசாயிகள் எல்லாரும் கேட்க, உங்கள் வாயால் பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு அவருக்கு எந்தப் பிளக்கைக் கொடுத்தீர்கள்?