பிலோமினாவுக்காக வரைந்த ஸ்கிரீன்

"இன்னா சார் இது, புடிச்சா ஓடுது!"

முதன்முதலாக மவுஸைப் பிடித்த அன்று பிலோமினா சொன்னது இது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் புரோகிராமர். கம்ப்யூட்டர் ரூமில் என்னைத் தவிர மூன்று டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்கள். சீனியர் பிலோமினா, பள்ளிகொண்டாவிலிருந்து பஸ்ஸில் வருவார். கட்டிங், ஸ்டிச்சிங் செக்‌ஷன்களிலிருந்து வரும் உற்பத்திச் சீட்டுகளை இடது கையால் புரட்டிக்கொண்டே, கீபோர்டைப் பார்க்காமல் வலது கையால் எண்களை அடிப்பார். கருப்புத் திரையில் ஓடுவது நான் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய புரோகிராம்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஃபாரின் பையர் வந்தா நம்ம ஸ்கிரீனக் காட்டவே பேஜாரா இருக்குதுப்பா. மவுஸ்ல வேலை செய்ற மாதிரி விஷுவல் பேசிக்ல மாத்திடு."

வேலூர் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போய்ப் படித்தேன். முதல் வகுப்பிலேயே தலை சுற்றியது. ஃபாக்ஸ்புரோவில் புரோகிராம் மேலிருந்து கீழே, நான் எழுதிய வரிசையில் ஓடும். இங்கே தொடக்கம் எதுவென்றே தெரியவில்லை.

"யூசர் எத கிளிக் பண்றாரோ, அதுக்குண்டான புரோகிராம் வரிங்க ஓடும் சார். அதுவரைக்கும் புரோகிராம் சும்மா காத்துனு இருக்கும்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். என்னைவிடச் சின்னவர்.

அது பிடிபட்டதும் எனக்கு வெறியே வந்துவிட்டது. ஃபார்ம் என்ற வெற்றுத் திரையில் ஒரு பட்டனை மவுஸால் இழுத்து வைத்தால் அது அங்கேயே நின்றது. பத்து வருஷம் கருப்புத் திரையைப் பார்த்தவனுக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

ஸ்கிரீனை வரைய பிலோமினாவைத்தான் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"சார், என்டர் தட்டுனா அடுத்த கட்டத்துக்குப் போ மாட்டேங்குது. டேப் கீயத் தேடினு இருந்தா வேலையே ஆவாது."

எண் அடிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கென்று புரோகிராம் வரிகள் எழுதினேன். "ஷூவோட ஸ்டைல் நம்பர அடிக்க வேணாம் சார், லிஸ்ட்ல வர்ற மாதிரி வையுங்க, தப்பு கம்மியாவும்" என்றார். வைத்தேன். அந்த ஸ்கிரீனில் பாதி அவருடைய யோசனை.

டெமோ

மேனேஜர் தானே உட்கார்ந்து ஒரு சீட்டை அடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இவ்ளோ ஈஸியா இருக்குதே! அப்புறம் எதுக்கு சீட்டு எழுதி இங்க அனுப்பணும்? சூப்பர்வைசரே அங்க உக்காந்து அடிச்சிட்டாப் போச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். பிலோமினாவும் தட்டினார். அந்தப் பேச்சின் அர்த்தம் அந்த நிமிஷம் எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

செக்‌ஷன்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்தார்கள். சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை பிலோமினாவுக்கு. பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் கற்றுக்கொண்டதும் ஆபரேட்டர்களுக்கு வேலை இல்லை. சின்னவர்கள் இருவரையும் நிறுத்திவிட்டார்கள். பிலோமினாவுக்காக மேனேஜரிடம் போய் நின்றேன்.

"நல்ல பொண்ணுதான், இல்லேங்கல. ஸ்டிச்சிங்ல ஹெல்பரா வேணா போட்டுக்கலாம்" என்றார்.

தங்கை நர்சிங் படித்துக்கொண்டிருந்ததால் பிலோமினா ஒத்துக்கொண்டார். தைத்து வரும் அப்பர்களில், அதாவது ஷூவின் மேல்பாகங்களில், நூல் பிசிறு வெட்டும் வேலை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் நடை தானாக வேகமெடுக்கும். ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"ஏன் சார் பாக்காத மாதிரி போறீங்க? நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்க வேலைய நீங்க செஞ்சீங்க."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பள்ளிகொண்டாவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் செய்வதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

அதற்குப் பிறகு இன்னும் சில கம்பெனிகளுக்கு சிஸ்டம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். முதல் மீட்டிங்கிலேயே கேளுங்கள்: "இப்ப இந்த வேலைய யார் பாக்குறாங்க? நாளைக்கு அவங்க எங்க உக்காருவாங்க?" முதலாளிகள் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. ஆனால் அந்த வேலையைப் பார்ப்பவர்கள் அங்கே இருக்கும்போதே கேளுங்கள். கைதட்டுவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.