அழுகை கேட்கும் பெட்டி

என் மகளுக்கு என்னைவிட என் மச்சாளைத்தான் கூடப் பிடிக்குமா? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பதில் தேடி ஒரு மின்சுற்றே செய்து பார்த்தேன். அதற்குப் பிறகும் இல்லை.

மச்சாள் என்றால் கணவரின் தங்கை. கொக்குவிலில் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். நான் உடுவில் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிரசவ விடுமுறை முடியப்போகிறது. நான் திரும்பிப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கதை வந்தபோது, நான் வாய் திறப்பதற்குள் மச்சாள் சொல்லிவிட்டாள்.

"நான் வைச்சிருக்கிறன் அண்ணி. என்னோடை எண்டால் அவள் அழவே மாட்டாள்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அந்த 'என்னோடை' மட்டும் காதிலேயே நின்றது. "யோசிப்பம்" என்று சொல்லிவிட்டு, கொடியில் இன்னும் காயாத உடுப்புகளை எடுக்கப் போனேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. என் கையில் வீரிட்டு அழும் பிள்ளை, அவள் தோளில் சாய்ந்ததும் அடங்கிவிடுவாள். மச்சாள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் போன். வாயைக்கூடத் திறக்கமாட்டாள். நானோ நடப்பேன், ஆட்டுவேன், ஓராட்டுவேன், வயிற்றுக்குத்தோ, பால் காணாதோ, காதுக்குள் ஏதும் போய்விட்டதோ என்று பிள்ளையிடமே கேட்பேன். கணவர் ஒருநாள், "உம்மடை பிள்ளையைத் தங்கச்சி எழுதி வாங்கிப்போட்டாள்" என்று சிரித்தார். பகிடிதான். அன்றைய குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டிருந்தேன்.

இதற்கிடையில் இன்னொரு பயம். விடுமுறை முடிந்து வந்ததும் தொழினுட்பப் பாடத்தில் இலத்திரனியல் பகுதியையும் நானே எடுக்கவேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார். நான் படித்ததோ உயிரியல். ஒரு தவளையைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். ரைமர் என்றால் எனக்குச் சமையலறை மணிதான். ஆகவே பிள்ளை ஏணையில் தூங்கும் மத்தியானங்களில் பாடநூலையும் சில வீடியோக்களையும் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

முதலில் விளங்கியது கொம்பரேற்றர், இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் ஒரு சில்லு. அதற்கு இரண்டு காதுகள் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஒரு காதில் நாம் குமிழைத் திருப்பி ஒரு வோல்ற்றளவை வைத்துவிடுகிறோம். மற்றக் காதில் வெளியிலிருந்து ஒன்று வருகிறது. எது கூட என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எவ்வளவு கூட, ஏன் கூட என்ற கேள்வியே அதற்கு இல்லை. அதை வாசித்தபோது, எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்ல இப்படி ஒன்றுதான் வேண்டும் என்று தோன்றியது.

பாகங்களை வாங்கி ஒரு சின்னப் பெட்டிக்குள் அடுக்கி, மைக் ஒன்றையும் பொருத்தினேன். அழுகை குமிழின் அளவைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியவேண்டும். எரியவில்லை. வீடு அமைதியாக இருந்தபோது எரிந்தது, பிள்ளை கத்தியபோது அணைந்தது. இரண்டு காதையும் மாறிக் கொடுத்திருந்தேன். அதைத் திருத்தியதும், மூச்செடுக்கப் பிள்ளை நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அங்கேதான் ரைமர் வந்தது. கொம்பரேற்றர் ஒருமுறை தட்டிவிட்டால், மின்னைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவி மெல்ல மெல்ல நிறையும்வரை ரைமர் விளக்கை எரியவைத்திருக்கும். கொள்ளளவிக்குப் போகும் வழியில் பெரிய தடையை வைத்தால் நிறைய நேரமெடுக்கும். சின்னதை வைத்தால் சட்டென்று முடிந்துவிடும். அழுகை தொடர்ந்தால் விளக்கும் தொடரும்.

"என்ன அண்ணி உது?" என்று மச்சாள் கேட்டாள்.

"நான் குசினியிலை நிக்கேக்கை பிள்ளை அழுதால் தெரியத்தான்."

"அவள் அழுதால் றோட்டிலை போறவனுக்கே தெரியும். உதுக்கு ஒரு பெட்டியோ?"

சிரித்துவிட்டு, அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அவள் தோளில் கொஞ்சம் முனகினாள். விளக்கு அணைந்தது.

அதன்பின் வந்த நாட்களில் எல்லாம் ஒரே மாதிரித்தான். மச்சாள் தூக்கினால் விளக்கு விரைவில் அணைந்துவிடும். நான் தூக்கினால் எரிந்துகொண்டே இருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டியபடி, கண்ணை விளக்கில் வைத்திருப்பேன். குமிழைத் தொடவில்லை, மைக்கை நகர்த்தவில்லை. நேர்மையான சோதனை என்றுதான் நம்பினேன். பிள்ளையை உடுப்பிட்டியில் அம்மாவிடம் கொண்டுபோய் விடலாமா, சம்பளமில்லாத விடுமுறை கேட்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். மச்சாளிடம் விடுவதைத் தவிர எல்லாவற்றையும் யோசித்தேன்.

ஒரு பின்னேரம் பிள்ளை என் கையில் அழுதாள். நான் ஓராட்டிக்கொண்டு நின்றேன். றெயில் வரும் சத்தம் தூரத்தில் கேட்டதும் மச்சாள் ஓடி வந்து, "வாங்கோ குஞ்சு, றெயில் பாப்பம்" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு படலையடிக்குப் போய்விட்டாள். றெயிலும் போய் முடிந்தது. அந்த நேரம் கணவர் வாசலில் வந்து நின்றார்.

"ஆரை நித்திரையாக்கிறீர்?"

அப்போதுதான் பார்த்தேன். என் கை வெறுங்கை. நான் இன்னும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு, "ஓ... ஓ... என்ரை குஞ்செல்லே" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். மேசையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாயை மூடினேன். கொள்ளளவி நிறைந்து முடிந்ததும் விளக்கு அணைந்தது. திரும்ப "ஓ" என்றேன். எரிந்தது.

இத்தனை நாளும் பெட்டி கேட்டது யாரை? பிள்ளை அடங்கிய பிறகும் நான் அடங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் விளக்கைத்தானே பார்த்தேன்.

அடுத்த நாள் வாயே திறக்காமல் அவளைத் தூக்கிவைத்திருந்தேன். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு என் சங்கிலியைப் பிடித்துச் சப்பத் தொடங்கினாள். விளக்கு அணைந்தது. சந்தோஷம் வந்தது, உடனே சந்தேகமும் வந்தது. மச்சாளிடம் இதைவிடக் கெதியாக அணையுமே. மெல்லிய சத்தத்துக்கு எரியாதபடி குமிழை ஒரு மயிரிழை திருப்பினேன். இப்போது நான்தான் வென்றேன். அப்படியென்றால் முன்னர் யார் வென்றது, யார் தோற்றது? குமிழ் என் விரலில் இருக்கும்வரை இந்தப் பெட்டியிடம் கேட்டுப் பயனில்லை என்று விளங்கிவிட்டது. பாடத்தை மட்டும் இப்போது பயமில்லாமல் படிப்பிப்பேன்.

பொறாமை போகவில்லை. நேற்றும் மச்சாளின் தோளில் பால் கறையைக் கண்டபோது, அது என் சட்டையில் இருக்கவேண்டிய கறை என்று நினைத்தேன்.

பிள்ளையை இன்னொருத்தியின் கையில் விட்டு வேலைக்குப் போனவர்கள் இதை வாசித்தால், எனக்கு ஒன்று சொல்லுங்கள். பின்னேரம் வீடு வந்து நீங்கள் கையை நீட்டும்போது, பிள்ளை அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்தால் என்ன செய்தீர்கள்? பேசாமல் காத்து நின்றீர்களா, வாங்கி எடுத்தீர்களா? அவளாகக் கையை நீட்டி வர எவ்வளவு காலம் எடுத்தது? மச்சாளுக்கு நான் இன்னும் 'ஓம்' சொல்லவில்லை.