நூற்று மூன்று திருப்பித் தந்த பனி

‘உயர் இமயப் பனிவெளிகளில் நீண்ட களஅனுபவம் உள்ளவர், உறைநிலைக்குக் கீழே பணியாற்றப் பழகிய பனியியல் வல்லுநர்.’ திட்ட விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ஜெயசுதா என்ற பெயருக்குக் கீழே இப்படித்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு படம். குரங்குக் குல்லா, கம்பளி, முதுகுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாத வெளி.

அந்த வெளி கல்வராயன் மலையில், வெள்ளிமலை பஸ் நிற்கிற இடம். மார்கழி மாதத்து மூடுபனி. ஒரு கல்யாணத்துக்குப் போனபோது எடுத்தது. குல்லா பஸ் கண்டக்டருடையது. குளிரில் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று வேடிக்கையாக எழுதிச் சென்னையிலிருக்கும் தன் மேலாளர் பிரவீன்குமாருக்கு அனுப்பினாள். அவருக்கு வேடிக்கை புரியாது. வேண்டிய இடத்தில் வேண்டியது புரியும்.

உண்மையில் ஜெயசுதா உறைபனியைத் தொட்டதெல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில்தான். மாதம் ஒருமுறை அது பாறையாகிக் கதவு மூடாமல் போகும்; அம்மா தோசைக்கரண்டியால் குத்தி எடுப்பாள். மற்றபடி கச்சிராயபாளையத்தில் ஓட்டு வீட்டின் உள்ளறையில், முப்பத்தெட்டு டிகிரி வெயிலில், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு இமயமலையை அளப்பதுதான் அவள் உத்தியோகம். இயற்பியல் முதுகலை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்தம்.

வேலை சொல்லுவதற்குச் சுலபம். ஒரு செயற்கைக்கோள் ஒரே பனிவெளியைப் பகல் ஒன்றரைக்கு ஒருமுறையும் இரவு ஒன்றரைக்கு ஒருமுறையும் பார்க்கிறது. பகலில் விழுகிற வெயிலில் நூற்றுக்கு எண்பதைப் பனி திருப்பி அனுப்புகிறது. இரவில் விழுவது நிலா வெளிச்சம், ரொம்பக் கம்மி. ஆனாலும் நூற்றுக்கு எண்பதுதான் திரும்ப வேண்டும். சூரியனுக்கு ஒரு நியாயம் நிலாவுக்கு ஒரு நியாயம் என்று பனிக்குக் கிடையாது. ஒரே சிக்கல், நிலா தினம் ஒரு அளவு. எந்த இரவில் எவ்வளவு நிலா வெளிச்சம் விழுந்தது என்று அட்டவணை போட்டு வகுத்தால்தான் விகிதம் வரும்.

முதல் ஆண்டு எல்லா இரவுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தார்கள். எண்பத்திரண்டு வந்தது. பிரமாதம் என்றார் பிரவீன்குமார். இந்த ஆண்டு, வேலை கொடுத்த ஆய்வு நிலையத்தார் ஒவ்வொரு இரவையும் தனித்தனியாகக் கேட்டார்கள். அங்கேதான் மானம் போனது. வளர்பிறை இரவுகளில் பனி அறுபத்திரண்டு தந்தது. தேய்பிறையில் நூற்று மூன்று. மொய் வாங்கினவன்தான் வாங்கினதற்கு மேல் திருப்பி வைப்பான், பனி வைக்காது.

மூன்று வாரம் அவள் அந்த நூற்று மூன்றோடு மல்லுக்கட்டினாள். பிரவீன்குமாருக்கு மூன்று நிமிடம் போதுமாயிருந்தது. மலைக்கிராமத்து விளக்குகள் கலந்துவிட்டன என்று எழுதி, தேய்பிறை இரவுகளை மொத்தமாக நீக்கிவிடச் சொன்னார். திங்கட்கிழமை கூட்டம். அந்தக் கூட்டத்தில்தான் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படும்.

“அங்க ஊரே இல்ல சார். இருந்தாலும், தேய்பிறைக்கு மட்டும்தான் விளக்கு போடுவாங்களா?”

“அவங்க ஊர் வழக்கம் நமக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் பிரவீன்குமார்.

பாதி நிலாவைத் தூக்கிக் குப்பையில் போடுகிற யோசனையை எண்ணி அவள் வியாழன் முழுக்கப் பல்லைக் கடித்தாள். வெள்ளியும் கடித்தாள். சனிக்கிழமை காலையில் அப்பா அதற்கும் வழியில்லாமல் செய்தார்.

அப்பா ஆதிமூலத்துக்குக் கோமுகி அணை வாய்க்காலில் ஒன்றேகால் ஏக்கர் நெல். நட்டு எட்டு நாள். தண்ணீர் முறை வைத்து வருகிறது. யாருக்கு எப்போது என்று வாட்ஸ்அப்பில் போடுவார்கள். ‘ஆதிமூலம் – வெள்ளி, இரவு 1.30’ என்று வந்திருந்தது. அவர் வெள்ளிக்கிழமை சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, மண்வெட்டியும் டார்ச்சுமாக மடைக்குப் போய் ஒன்றரைக்கு நின்றார். வாய்க்காலில் பாதம் நனையத் தண்ணீர் இல்லை. விடிந்து வீடு திரும்பியவரோடு பக்கத்து வயல் கொளஞ்சியப்பனும் வந்தார். அவர் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்கு முந்தின இரவே தண்ணீர் வந்துவிட்டது, மடையில் ஆளைக் காணோம், வீணாய்ப் போகிற தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினேன் என்றார், ஏதோ தர்மம் செய்தவரைப் போல.

“கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பந்திக்கு வந்து குந்திக்கினு இருக்கியே மாமா,” என்றார் கொளஞ்சியப்பன். ஜெயசுதா பக்கம் திரும்பினார். “இன்னாம்மா, இமயமலையெல்லாம் பாக்குற, உங்கப்பன் மடையாண்ட நிக்கிறது தெரிலயா?”

அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழித்து. எண்ணத் தெரிந்தவள் என்பதால் ஜெயசுதாவுக்கு ஆத்திரம் ஜாஸ்தியாயிற்று. பன்னிரண்டு மணி அடித்தால் தேதி மாறிவிடும், வெள்ளி ஒன்றரை என்றால் வியாழக்கிழமை படுத்து எழுந்து போக வேண்டும், இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும் என்று கால்மணி நேரம் பாடம் எடுத்தாள். ஆதிமூலம் மண்வெட்டியில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“அதெல்லாம் சரி பாப்பா. வெள்ளிக்கெழம விடியவே இல்ல. அதுக்குள்ள வெள்ளிக்கெழம ராத்திரி எங்கேர்ந்து வரும்?”

விடிந்தால்தான் நாள். அதுவரைக்கும் முந்தின நாளின் ராத்திரி. இந்த ஊரில் செத்தவர்களின் திதியும் பிறந்தவர்களின் ஜாதகமும் அப்படித்தான் நடக்கின்றன. ஜெயசுதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடாமலே உள்ளறைக்குப் போனாள்.

நிலா அட்டவணை அவள் போட்டது. ‘பதினான்காம் தேதி இரவு’ என்ற வரியில் எந்த ஒன்றரை மணி இருக்கிறது என்று பார்த்தாள். பதினான்காம் தேதி பொழுது சாய்ந்து, அதற்குப் பிறகு வருகிற ஒன்றரை. அதாவது பதினைந்து. செயற்கைக்கோளின் கோப்போ பதினான்கு பிறந்து ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தது. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு இரவையும் மறுநாள் நிலாவால் வகுத்திருக்கிறாள். வளர்பிறையில் மறுநாள் நிலா பெரிது, பனி மங்கிப்போனது. தேய்பிறையில் மறுநாள் நிலா சிறிது, பனி வள்ளலாகிவிட்டது. ஏறினதும் இறங்கினதும் ஒன்றையொன்று தின்றதால் சராசரி மட்டும் யோக்கியமாக நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லுமாம்.

வெளியே கொளஞ்சியப்பன் இரண்டாவது டீ கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரவீன்குமாருக்குப் போன் செய்தாள். அவர் முதலில் சந்தோஷப்பட்டார். ஒரு நாள் நகர்த்திவிடு, யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். போன ஆண்டு அறிக்கையிலும் இதே அட்டவணை போயிருக்கிறதே என்று அவள் சொன்னதும் குரல் இறங்கியது.

“இமயமலை வல்லுநருக்கு ராத்திரி எந்தத் தேதினு தெரியலனு நாமளே எழுதிக் குடுக்கறதா? அடுத்த வருஷம் உனக்கு வேலை இருக்காதும்மா. யோசிச்சுக்க.”

அவள் வல்லுநர் என்று எங்கேயும் சொன்னதில்லை. சொன்னவர் அவர். ஆனால் அட்டவணை போட்டது அவள்தான். அதற்கு மலைக்கிராமத்து விளக்கைக் காட்ட முடியாது. யோசிக்கத்தான் செய்தாள், சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும். அதற்குள் எரிச்சல் பிரவீன்குமார்மேல் பாதி, தன்மேல் பாதி என்று பங்காகிவிட்டது. மிச்சமிருந்த கொஞ்சத்தை, அப்பாவின் தட்டில் சோற்றைத் தொப்பென்று வைத்துத் தீர்த்தாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நடவு தாங்குமா என்று வயலைப் பார்க்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயசுதா இருநூற்றுப் பதினாறு இரவுகளின் நிலா வரிசையை ஒரு நாள் நகர்த்தி மறுபடி கணக்கிட்டாள்; பகல் எண்பது, இரவு எழுபத்தொன்பதிலிருந்து எண்பத்தொன்றுக்குள் வந்தது. ஒரு இரவையும் நீக்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போக வேண்டிய விண்ணப்பத்தில், ஒன்பதாம் பக்கத்துப் படத்தையும் அதன் பக்கத்திலிருந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டாள். இரு ஆண்டு அட்டவணையிலும் தேதியைத் தவறாகப் போட்டது தான்தான் என்று எழுதி, தன் பெயரையும் கச்சிராயபாளையம் முகவரியையும் கீழே போட்டு, நேராக ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினாள்.