அட்டைகளைக் கலைத்த கோடை

பஸ்ஸிலிருந்து இறங்கி அரை மணி நேரமாக நடந்துகொண்டிருந்தேன். கல்லூரியும் வாலாஜாபாத்தும் எனக்குப் பின்னால், காஞ்சிபுரம் முன்னால். தோளில் பிரிண்டர் தாள் வந்த பழைய பெட்டி ஒன்று. வெயில் நன்றாகவே இருந்தது.

காசு கொடுத்துத்தான் பஸ் ஏறியிருந்தேன். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா அதுல?"

"அட்டை."

"சீட்டுக்கு அடியில தள்ளு."

"தள்ளக் கூடாதுண்ணே. வரிசை மாறிடும்."

"அப்ப மடியில வெச்சிக்கினு ஒக்காரு. வழியில நிக்காத."

அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் தன் முருங்கைக்காய்க் கட்டை என் பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்கிவிட்டேன்.

பெட்டிக்குள் முந்நூற்று எண்பத்து நான்கு ஜக்கார்டு அட்டைகள் இருந்தன. முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், நான்கு விரல் அகலம், உடம்பெல்லாம் துளை. தறியின் தலைக்கு மேல் இவை கயிற்றில் கோர்த்த சங்கிலியாகத் தொங்கும். தறியின் மிதியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஓர் அட்டை திரும்பும். துளை உள்ள இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை இழை என்று குறுக்கே விட்டு நெய்துகொண்டு போனால் சேலைக் கரையில் அன்னமும் மாங்காயும் வரும். அட்டைகள் வரிசையாக இருந்தால்தான் வரும். அந்த வரிசையை நான் பத்து நாளைக்கு முன்பு கலைத்திருந்தேன். இப்போது பெட்டியில் இருந்தது கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த வரிசை. இருபது இருபதாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். அந்த வரிசை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு வரிசை என்னிடம் இல்லை என்பதால் அதைச் சிந்தாமல் கொண்டுபோனேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோவை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டுப் போர்வெல் லாரியில் இருந்தேன். பிறகு ஓசூரில் ஒரு பேக்கரி, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். மூன்று வருடம் கழித்து, நின்றுபோன பாடங்களை எழுதி முடிப்போம் என்று பாலிடெக்னிக்குக்குத் திரும்பினேன். அரியர் கட்டணம் கட்ட அலுவலகத்தில் நின்றபோது, கோடை ஆராய்ச்சிப் பயிற்சிக்குத் தேர்வான பையன் பெங்களூரில் வேறு இடம் கிடைத்துப் போய்விட்டதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை கம்ப்யூட்டரில். காஞ்சிபுரத்துக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி. இரண்டு மாதம் தங்க இடம், சாப்பாடு, முடிவில் சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் காட்டினால் ஒரு பாடம் எழுத வேண்டாம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார்கள். லாட்ஜில் ரூம் என்ட்ரி போட்டிருக்கிறேன் என்றேன். அன்று அலுவலகத்தில் வேறு மாணவர் யாரும் இல்லை.

பழைய கரை டிசைன்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, அது தானாகவே புது டிசைன் போடும்படி செய்வதுதான் ஆராய்ச்சி. பேராசிரியரை மொத்தம் மூன்று முறை பார்த்தேன். மற்றபடி எல்லாவற்றுக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். என்னைவிட ஒரு வயது சிறியவர். நான் அவரை சார் என்றேன், அவர் என்னை ப்ரோ என்றார்.

அட்டைகளைக் கொடுத்தவர் பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி போட்டிருந்த ஒரு நெசவாளி. ஐம்பது வயது இருக்கும். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; அவருடைய பழைய பாவு முடிந்து, புதுப் பாவு பிணைக்கிற நாட்கள் அவை. தறியில் நிற்கும் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியிலும் புது இழை ஒன்றை முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அது முடிய நான்கு நாள் ஆகும், அதுவரை அட்டைகளுக்கு வேலை இல்லை.

"எடுத்துக்கினு போபா. கோத்தது கோத்தபடி செவ்வாக்கிழம வந்துடணும். அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே மேடையில கல்யாணம். அக்காகாரி சேலைய நேத்துதான் அறுத்துக் குடுத்தேன். தங்கச்சிக்கும் அதே டிசைன் வேணுமாம்."

"வந்துடும்ணே."

"இது தவறுச்சினா, நூல் குடுத்து நெய்யச் சொல்ற கடைக்காரரு அடுத்த பாவு எனக்குத் தர மாட்டாரு. அதுக்குத்தான் சொல்றேன்."

பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் ஆராய்ச்சி மாணவர் சென்னைக்குக் கிளம்பினார். பையைத் தோளில் மாட்டியபடியே வேலை சொன்னார்.

"ப்ரோ, கயித்த கட் பண்ணிட்டு அட்டைங்கள ஸ்கேனர்ல விடுங்க. திருப்பி கோத்துக்கலாம். அப்புறம் ஷஃபிள் பண்ணிடுங்க. ஷஃபிள் பண்ணாம டேட்டா குடுத்தா, கம்ப்யூட்டர் வரிசைய மனப்பாடம் பண்ணி வெச்சிக்கும்."

கயிற்றை அறுத்தேன். ஸ்கேனர் முதல் அட்டையை விழுங்கி நின்றுவிட்டது. அட்டையைப் பிடுங்கி எடுத்ததும் ஸ்கேனர் ஒரேயடியாக நின்றது. சரி, போனில் படமெடுக்கலாம் என்று முடிவு செய்தேன். போனில் எடுப்பதற்குக் கயிற்றை அறுத்திருக்க வேண்டியதில்லை என்பது அப்போதே தெரிந்தது. அடுத்த வேலை கலைப்பது. படங்களைக் கம்ப்யூட்டருக்குள் எப்படிக் கலைப்பதென்று எனக்குத் தெரியாது. அட்டைகளைக் கலைக்கத் தெரியும். போர்வெல் லாரியில் சீட்டாடும்போது கலைக்கிற பொறுப்பு எப்போதும் என்னுடையது. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, யாரும் குறை சொல்ல முடியாதபடி நான்கு முறை கலைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். ஞாயிறு சாயங்காலம் வரை ஆனது.

திங்கட்கிழமை ஆராய்ச்சி மாணவர் படங்களைப் பார்த்தார். அப்புறம் அட்டைகளைப் பார்த்தார்.

"ஆர்டர் எங்க ப்ரோ?"

"வரிசை தெரியக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"கம்ப்யூட்டருக்குத் தெரியக் கூடாது. நமக்குத் தெரியணும்."

"அதச் சொல்லலையே சார்."

அவர் குனிந்து அட்டைகளின் ஓரங்களைப் புரட்டிப் பார்த்தார். அட்டைகளின் ஓரத்தில் எண் போட்டிருந்தது உண்மைதான். பென்சிலில் போட்டது. வருடக்கணக்கில் கைபட்டும் எண்ணெய் பட்டும் பெரும்பாலானவை அழிந்திருந்தன. தெரிந்த எண்களை வைத்து முப்பது அட்டைகளைக்கூட இடத்தில் நிறுத்த முடியவில்லை.

பேராசிரியர் வந்தார். தரையில் கிடந்ததைப் பார்த்தார். நான் ஹாஸ்டலில் பெட்டி கட்டுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"கலைஞ்சதுல இருந்து வரிசைய மீட்டெடுக்கிறது. நல்ல ப்ராப்ளம். இதையே பேப்பராப் போடலாம்."

நான் செய்த காரியத்துக்கு ஒருவர் கைகொடுத்துப் பாராட்டியது, இன்றுவரை அந்த ஒரு முறைதான்.

அவர்கள் புரோகிராம் எழுதினார்கள். நான் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம் என்று அடித்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து நெசவாளி தினமும் போன் செய்தார்.

"பாவு பிணைச்சாச்சுபா. தறி சும்மா நின்னுக்கினு இருக்குது. அட்ட எப்ப வரும்?"

"ஆராய்ச்சி நடக்குதுண்ணே."

"நடக்கட்டும். அட்ட எப்ப வரும்?"

அடுத்த திங்கட்கிழமை போனில் அவர் குரல் தணிந்திருந்தது. "கடைக்காரரு வியாழக்கிழம வந்து பாக்குறேன்னாரு. அன்னிக்கி தறி ஓடலைன்னா வேற ஆளுக்கு மாத்திடுவாராம்."

அன்றைக்குத்தான் புரோகிராம் முடிவைக் கொடுத்தது. எந்த அட்டைக்கு எந்த அட்டை மிகவும் ஒத்திருக்கிறதோ அதை அடுத்து வைக்க வேண்டும் என்பது கட்டளை. திரையில் அன்னம் தெரிந்தது. கழுத்து, அலகு, வால் எல்லாம் இருந்தது. ஆராய்ச்சி மாணவர் கைதட்டினார். எண் அழியாத அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்; பெரும்பாலும் பொருந்தியது. நான் திரையின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னத்துக்கும் மாங்காய்க்கும் இடையே வெறுமையாக வரவேண்டிய அட்டைகள் அறுபதுக்கு மேல் உண்டு. எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒன்றுபோல இருந்ததால் கம்ப்யூட்டர் அவற்றை எல்லாம் சேர்த்துக் கடைசியில் வைத்துவிட்டது. அன்னத்தின் தலையில் மாங்காய் உட்கார்ந்திருந்தது.

"இது இடிக்குதே சார்."

"பேப்பருக்கு இது போதும் ப்ரோ."

"சேலைக்கு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அது ஃப்யூச்சர் ஒர்க்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைத் தூக்கினேன். பேப்பர் அனுப்பும்வரை அட்டைகள் ஆய்வகத்தில்தான் இருக்க வேண்டும், எடுத்துப் போனால் பயிற்சி முடித்ததாகச் சான்றிதழ் தர முடியாது என்றார்கள். அவர்கள் கோபமாகச் சொல்லவில்லை. அட்டை அவர்களுடையது இல்லை என்று நானும் கோபப்படாமல் சொன்னேன். அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தேன்.

பிள்ளையார்பாளையம் போய்ச் சேர மதியம் ஆனது. தறியில் புதுப் பாவு அரக்கு நிறத்தில் இழுத்துக் கட்டி நின்றது. நெசவாளி ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தார். கயிறு இல்லை.

"கலைச்சிட்டியா?"

"ஆமாண்ணே."

"எதுக்குபா?"

"ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சிக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி அவ்வளவோடு விடுபவர் இல்லை.

"பன்னெண்டு வருஷம் இந்த மனுஷன் கையில ஒரு அட்ட மாறல. நீ எத்தினி நாளு வெச்சிருந்த? படிச்ச புள்ளைங்கள நம்பாதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்."

"நான் அவ்வளவு படிக்கலைக்கா."

"அதுகூட இல்லையா?"

மூவருமாக இரண்டு தெரு தள்ளி, அட்டை அடிக்கும் பெண்மணியின் கடைக்குப் போனோம். டிசைனைப் பார்த்து அட்டையில் துளை போட்டு, கயிற்றில் கோர்த்துக் கொடுப்பது அவர் தொழில். தாமலிலிருந்து தினமும் வண்டியில் வந்து போகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைக்கு மேல் பைபிள் வசனம் போட்ட காலண்டர் தொங்கியது. நான்கு கட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெத்து அட்டைய எல்லாம் யாரு ஒரே எடத்துல சேத்தது?"

"கம்ப்யூட்டர்."

"அது சேல கட்டிப் பாத்ததில்ல போல." அட்டையைக் கீழே வைத்தார். "எந்த எடத்துல எத்தினி வெத்துன்னு தெரியாம கோக்க முடியாதுபா. துணி இருந்தா பாத்து எண்ணிடலாம். அந்தச் சேல எங்க?"

"பொண்ணு வூட்டுல. நகையோட வெச்சிப் பூட்டிட்டாங்களாம்" என்றார் நெசவாளி.

நெசவாளியின் மனைவி குறுக்கிட்டார்.

"ஏன், தறியில சுத்திக்கினு இருக்குதே ஒரு சாண் துணி, அது இன்னா சேல?"

பாவு பிணைக்கும்போது பழைய பாவின் நுனியைத் தறியிலிருந்து எடுப்பதில்லை. சேலையை அறுத்தபின் மிஞ்சும் கடைசித் துண்டு துணி உருளையிலேயே சுற்றியிருக்கும். அக்காவுடைய சேலையின் மிச்சம் பத்து நாளாக நெசவாளியின் மடிக்கு நேர் எதிரே இருந்திருக்கிறது. அவர் தினமும் அதற்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு போன் செய்திருக்கிறார்.

"மறந்துட்டேன்" என்றார்.

"நல்லா சேந்தீங்க ரெண்டு பேரும்" என்றார் மனைவி.

அந்த அட்டைக்காரப் பெண்மணி லென்ஸோடு எங்களுடன் தறிக்கு வந்தார். நெசவாளி உருளையைத் தளர்த்தித் துணியை விரித்தார். ஒரு டிசைன் முழுசாக இருந்தது, விரலளவு மிச்சத்தோடு. நான் குனிந்து லென்ஸ் வழியாக ஒவ்வோர் ஊடை இழையாகப் படித்தேன். "வெத்து. வெத்து. வெத்து. அன்னத்தோட கால் ஆரம்பம்." அட்டைக்காரர் தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினார். ஒரு வாரமாக ஒன்று, பூஜ்யம் என்று அடித்ததில் அட்டைகளின் முகம் எனக்குப் பழகியிருந்தது. கால் அட்டை மூன்றாவது கட்டில் இருக்கிறது, மாங்காய்க் காம்பு எட்டாவதில் என்று சொல்ல முடிந்தது. அன்னத்துக்கு உள்ளே புரோகிராம் போட்ட வரிசை அநேகமாகச் சரியாகவே இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். இருந்தும் ஏழு இடத்தில் மாற்றினோம். இரண்டு முறை எண்ணிக்கை தவறி முதலிலிருந்து வந்தோம். இரண்டாம் முறை மனைவி எனக்கு மோர் கொடுத்தார். திட்டுவதை நிறுத்தவில்லை.

வெயில் இறங்கும்போது முந்நூற்று எண்பத்து நான்காவது அட்டை அதன் இடத்தில் இருந்தது. இனிமேல் கோர்க்க வேண்டும்.

"கோக்குற பொண்ணு ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் பூடுச்சு" என்றார் அட்டைக்காரர். "எங்கிட்ட ஆளு இல்ல. உனக்குக் கோக்கத் தெரியுமா?"

"அறுக்கத் தெரியும்."

"அது தெரியுது. காலையில கடைக்கு வா."

அன்று தறிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். லாரியைவிட இடம் தாராளம்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கடையில் உட்கார்ந்தேன். மரச்சட்டத்தின் முளைகளில் அட்டைகளை வரிசையாக மாட்டி, ஊசியால் இரு ஓரத்திலும் நடுவிலும் கயிறு கோர்த்து முடிச்சுப் போட வேண்டும். முதல் இருபதை அட்டைக்காரர் அறுத்துப் போட்டு மறுபடி கோர்க்கச் சொன்னார். நெசவாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினார். பன்னிரண்டு மணிக்கு அவர் சங்கிலியைத் தோளில் சுற்றிக்கொண்டு போனார். நானும் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.

"எங்க போற? ஒக்காரு" என்று அட்டைக்காரர் வேறொரு கட்டை என் முன்னால் தள்ளினார். ஆறு மணிக்குள் இன்னொருவருக்கு வேண்டுமாம். உட்கார்ந்தேன்.

இரண்டு மணி வாக்கில் போன் வந்தது. பின்னால் தறிச் சத்தம்.

"அன்னம் வந்துடுச்சுபா. மாங்காயும் தள்ளித்தான் நிக்குது" என்றார் நெசவாளி. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். வேலை இருந்திருக்கும்.

"ஓடுதா?" என்றார் அட்டைக்காரர்.

"ஓடுதாம்."

"சரி. நாளையில இருந்து ஒம்போது மணிக்கு வந்தா போதும். சோறு எடுத்தாந்துடு, இங்க கிட்டத்துல கட இல்ல."

சரி என்றேன். சோறு எடுத்துவர என்னிடம் டப்பா கிடையாது. அதை அப்போது சொல்லவில்லை. அந்த வேலையில் பதினான்கு மாதம் இருந்தேன்.